ஞாயிறு இல்லாத பிளானர்

என் மறதியின் புண்ணியத்தில் ஸ்ரீரங்கத்தில் ஒரு குடும்பம் மூன்று நாள் குரங்குகளோடு குடித்தனம் நடத்தியது. ஜன்னல் கிரில்லைச் செய்து, பெயிண்ட் அடித்து, காயவைத்து, பட்டறைச் சுவரில் சாய்த்தும் வைத்தாகிவிட்டது. கொண்டுபோய் மாட்டவேண்டும் என்பதை மட்டும் மறந்துவிட்டேன். வீட்டுக்காரர் ஃபோனில் என்னைத் திட்டிக்கொண்டிருந்தபோது பின்னால் பாத்திரம் உருளும் சத்தம் கேட்டது. அவருடைய மனைவியும் கோபத்தில் இருக்கிறார் போல என்று நினைத்தேன். குரங்காம்.

அரியமங்கலத்தில் எங்கள் பட்டறை. கேட், கிரில், மாடிப்படி ரெய்லிங், தகரக் கொட்டகை என்று இரும்பில் எது கேட்டாலும் செய்வோம். எங்கள் என்றால் நானும் நசுருதீன் பாயும். சவூதியில், தம்மாமில் பத்து வருஷம் வெல்டராக இருந்துவிட்டு வந்தவர் அவர். வெட்டுவது, வளைப்பது, பற்றவைப்பது எல்லாம் பாய். அளவெடுப்பது, ஆர்டர் பிடிப்பது, சாமானைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது நான். யோசித்துப் பார்த்தால் எனக்கு இருந்த ஒரே வேலை ஞாபகம் வைத்துக்கொள்வதுதான். அந்த வேலைக்கு ஊரிலேயே தகுதியில்லாத ஆளாகப் பார்த்து எடுத்திருந்தார் பாய்.

குரங்கு விஷயம் முடிந்த அன்றைக்கு அவர் என்னை எதிரில் உட்காரவைத்தார்.

"மருதை, ஹாலித் நாலு மாசமா கூப்பிட்டுட்டு இருக்கான். ஃபோர்மேன் வேலை. ரூம், சாப்பாடு எல்லாம் அவங்களே."

ஹாலித் அவருடைய மச்சினன். இன்னும் தம்மாமில்தான் இருக்கிறான்.

"நீங்க என்ன சொன்னீங்க பாய்?"

"பாக்கலாம் பாக்கலாம்னு ஓட்டிட்டு இருக்கேன். இன்னும் ஒரு தடவை இந்த மாதிரி ஆச்சு, பீரோவுல இருக்குற பாஸ்போர்ட்டை எடுத்துருவேன். அல்லாஹ் மேல ஆணையா சொல்றேன். கடைசிக் காலத்துல குரங்குக்கிட்டல்லாம் என்னால பதில் சொல்ல முடியாது."

பாய் போனால் பட்டறை இல்லை. நான் வெல்டிங் வைத்தால் ஒட்டும். பாய் வைத்தால் நிற்கும். பாய் இல்லாவிட்டால் நான் திரும்பிப் போகவேண்டிய இடம் காந்தி மார்க்கெட். என் அப்பா அங்கே வெங்காய மூட்டை தூக்கினார். அம்மா சித்தாள் வேலைக்குப் போனது. எங்கள் வீட்டில் திட்டம் என்றால் 'நாளைக்கு வேலை இருக்கா' என்ற ஒரு கேள்விதான். இருந்தால் போவார்கள். அதை எழுதிவைக்கவேண்டிய அவசியம் யாருக்கும் வந்ததில்லை. இதை என் மறதிக்குக் காரணமாகப் பலமுறை சொல்லியிருக்கிறேன். அதே வீட்டில் வளர்ந்த என் தங்கைக்கு எல்லாம் ஞாபகம் இருக்கிறது என்பதால் இப்போது சொல்வதில்லை.

அந்தச் சமயத்தில்தான் ஃபோனில் ஒரு வீடியோ வந்தது. ஒரு பெண், பூப்போட்ட டேப்பை ஒட்டி ஒட்டி, வீட்டிலேயே பிளானர் செய்கிறாள். ஒவ்வொரு நாளுக்கும் ஓர் இடம். அந்தந்த நாள் வேலையை முன்கூட்டியே அதில் எழுதிவிட்டால் வாழ்க்கை சீராகிவிடும் என்று சொல்லிச் சிரித்தாள். எனக்கு நம்பிக்கை வந்தது. தெப்பக்குளம் பக்கத்தில் ஒரு கடையில் போய்க் கேட்டேன். ஐந்நூற்றுச் சொச்சம் சொன்னான். புரட்டிப் பார்த்தேன். ஒன்றுமே எழுதவில்லை. வெறும் கோடு. எழுதியிருந்தாலாவது படித்திருக்கலாம்.

வீட்டுக்கு வந்து, நானே செய்யப்போகிறேன் என்று அறிவித்தேன். என் மனைவி பானுப்ரியா வீட்டிலேயே ஜாக்கெட் தைக்கிறாள். மெஷினை நிறுத்தாமலே கேட்டாள்.

"ஏங்க, நாப்பது ரூபாய்க்கு ஒரு லாங் சைஸ் நோட்டு வாங்கித் தேதி போட்டுக்கிட்டா ஆகாதா?"

"நோட்டு வேற, பிளானர் வேற."

"என்ன வேற?"

"நோட்டுல நடந்ததை எழுதுவாங்க. பிளானர்ல நடக்கப்போறதை எழுதுவாங்க."

"உங்களுக்கு நடந்ததே ஞாபகம் இருக்கறதில்லை. இதுல நடக்கப்போறது வேறயா?"

பதில் இல்லாத கேள்விகளைக் கேட்பவர்களோடு நான் பேசுவதில்லை.

காகிதம் இலவசமாகவே கிடைத்தது. பட்டறையை எங்களுக்கு விற்ற பழைய முதலாளி ஒரு டிரங்குப் பெட்டியை அப்படியே விட்டுப் போயிருந்தார். உள்ளே முழுக்க அவர் காலத்துக் கேட் படங்கள். பால்பாயிண்ட் பேனாவில், ஸ்கேல் வைத்து, கையால் வரைந்தவை. ஒரு பக்கம் படம், மறுபக்கம் வெள்ளை. அந்த வெள்ளையைப் பார்த்ததும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஒரு வருஷத்து வாழ்க்கை அங்கே சும்மா கிடக்கிறதே.

ஒரு நாளுக்கு ஒரு தாள் என்றால் பத்தாது. அதனால் ஒவ்வொரு வெள்ளைப் பக்கத்துக்கும் நடுவில் ஒரு கோடு. மேலே ஒரு நாள், கீழே ஒரு நாள். திங்கள் செவ்வாய் ஒரு தாள். புதன் வியாழன் ஒரு தாள். வெள்ளி சனி ஒரு தாள். ஞாயிறு தனியாக நின்றது. அதற்காக ஒரு முழுத் தாளை வீணடிக்கவேண்டும். இல்லையென்றால் கிழமை எல்லாம் வாரத்துக்கு வாரம் மேலும் கீழுமாக மாறிவரும். பட்டறைக்கும் ஞாயிறு லீவுதானே. எடுத்துவிட்டேன். உலகத்தைப் படைத்தவன் ஏழு நாள் வைத்தான். நான் அதை ஆறாகத் திருத்தினேன். அப்போது பெருமையாகத்தான் இருந்தது.

வீடியோவில் அந்தப் பெண் ஊசிநூலால் கோத்தாள். எனக்கு ஊசி பிடிக்க வராது. பட்டறைக் கழிவிலிருந்து கேட்டுக்குப் போடுகிற இரும்புப் பட்டையில் இரண்டு துண்டு எடுத்துவந்தேன். தாள்களை நடுவில் வைத்து, மேலே ஒரு பட்டை, கீழே ஒரு பட்டை, சி கிளாம்ப் போட்டு இறுக்கி, டிரில்லிங் மெஷினால் மூன்று ஓட்டை போட்டேன். மூன்றாவது ஓட்டை தையல் மெஷின் பலகையிலும் விழுந்தது. பானுப்ரியா எழுந்து வந்து அந்த ஓட்டை வழியாகத் தரையைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். அன்றைக்கு ராத்திரி ரசம் மட்டும்தான்.

ஓட்டைகளில் போல்ட் மாட்டி நட்டு முடுக்கினேன். அட்டைக்கு ஃப்ளெக்ஸ். மழையில் நனையாது, கிழியாது, தெருவில் சும்மா கிடைக்கும். எங்கள் தெருமுனையில் கழற்றிப் போட்டிருந்த ஒன்றை வெட்டி மாட்டினேன். அது கண்ணீர் அஞ்சலி ஃப்ளெக்ஸ் என்பதை மாட்டி முடித்த பிறகுதான் கவனித்தேன். முன் அட்டையில் ஒரு பெரியவரின் ஒரு கண்ணும் அரை மீசையும் வந்திருந்தன.

"இதைத் தூக்கிக்கிட்டு வீட்டுக்குள்ள வந்தீங்க, நான் எங்கம்மா வீட்டுக்குப் போயிருவேன்" என்றாள் பானுப்ரியா.

அதனால் பிளானர் பட்டறையிலேயே தங்கியது. பாய் அதைக் கையில் வாங்கி எடை பார்த்தார். பட்டைகளும் போல்ட்டுகளும் சேர்ந்து செங்கல் கனம் கனத்தது.

"யாரு இது, உன் மாமனாரா?"

"தெரியலை பாய். பாதிதான் வந்திருக்கு."

"மீதி எங்க?"

"மேசைத் தட்டுக்குக் கீழ விரிச்சிருக்கேன்."

பாய் திறந்து பார்த்தார். கையை எடுத்ததும் அது பட்டென்று மூடிக்கொண்டது. திறந்தபடி இருக்கவேண்டுமென்றால் மேலே சுத்தியலை வைக்கவேண்டும். ஆனாலும் ஒன்று சொல்லவேண்டும், அது வேலை செய்தது. தை பிறந்து இரண்டு வாரம்வரை நான் ஒன்றையும் மறக்கவில்லை. சொன்ன நாளில் கேட் போனது. சொன்ன நேரத்தில் நானும் போனேன். எனக்குத் திமிர் வந்துவிட்டது. யார் எதைக் கேட்டாலும் "பிளானரைப் பாருங்க" என்று சொல்ல ஆரம்பித்தேன். டீக்கடையில் வடை சூடாக இருக்கிறதா என்று பாய் கேட்டதற்குக்கூட அப்படிச் சொன்னதாக அவர் இன்றும் சொல்கிறார். அது பொய்.

அந்த நேரத்தில் வந்ததுதான் சடகோபன் சார் ஆர்டர். ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர். ஸ்ரீரங்கம் மூலத்தோப்பில் புது வீடு கட்டியிருந்தார். வாசல் கேட்டில் சங்கு, சக்கரம், நடுவில் நாமம். ஒரு சனிக்கிழமை படத்தை என் ஃபோனுக்கு அனுப்பினார். பிளானரில் திங்கட்கிழமைக்கு எதிரில் 'சடகோபன் சார் கேட் வெட்டணும். சங்கு, சக்கரம், நாமம்' என்றும் அளவுகளையும் எழுதினேன். ஞாயிற்றுக்கிழமை வீட்டில் உட்கார்ந்து படத்தைப் பெரிதாக வரைந்து பாய்க்குக் கொடுத்துவிடலாம் என்று நினைத்தேன். அதை எழுதிவைக்க இடம் தேடினேன். ஞாயிறுதான் இல்லையே. பரவாயில்லை, ஞாபகம் இருக்கும் என்று சொல்லிக்கொண்டேன். அந்த வார்த்தையை நான் சொல்லக்கூடாது என்பதற்காகத்தான் அத்தனை ஓட்டை போட்டிருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை லால்குடியில் ஒரு காதுகுத்து. கறி நன்றாக இருந்தது.

திங்கட்கிழமை விடிந்ததும் பச்சைமலைக்கு வண்டியை விட்டேன். அம்மாசி என்பவருக்கு ஆட்டுக் கொட்டகை; அதற்கு அளவெடுக்கவேண்டும். மேலே ஏற ஏற ஃபோனில் டவர் போய்விட்டது. பாய் என்னைப் பலமுறை கூப்பிட்டிருக்கிறார். கிடைக்கவில்லை என்றதும் நான் சொல்லிக்கொடுத்தபடியே செய்திருக்கிறார். பிளானரைப் பார்த்திருக்கிறார்.

பொழுது சாயும் நேரத்தில் திரும்பி வந்தேன். பாய் எனக்காக டீ வாங்கி வைத்திருந்தார். ஐந்து வருஷத்தில் அதுதான் முதல் தடவை.

"மருதை, உன்னை என்னமோன்னு நினைச்சேன். மாஷா அல்லாஹ்! உனக்கு இவ்வளவு நல்லா வரைய வருமா?"

"என்ன பாய்?"

"பக்கத்தைத் திருப்பினா பின்னாடியே படம். சங்கு, சக்கரம், நாமம், எல்லாம் அளவோட, அச்சு மாதிரி. வெட்டி வளைச்சு முடிச்சுட்டேன். போய்ப் பாரு."

போய்ப் பார்த்தேன். தரையில் கேட் படுத்திருந்தது. சங்கு இருந்தது. சக்கரம் இருந்தது. நாமம் இருந்தது. பிளானரைத் திறந்தேன். பழைய முதலாளியின் பால்பாயிண்ட் கோடுகள். பாய் அந்த டிரங்குப் பெட்டியைத் திறந்து பார்த்ததே இல்லை. பழைய தாள் என்று சொல்லியிருந்தேனே தவிர, என்ன தாள் என்று சொல்லவில்லை. பெட்டியில் இருந்த படங்களில் பாதி ஸ்ரீரங்கத்துக் கேட்டுகள்தான். எந்தப் பக்கத்தைத் திருப்பினாலும் ஒரு சங்காவது இருக்கும். திங்கட்கிழமைக்குப் பின்னால் மூன்றுமே இருந்துவிட்டன.

அப்போது நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். "அது நான் வரைஞ்சது இல்லை பாய்." அவ்வளவுதான். ஃபோனை எடுத்து சடகோபன் சார் அனுப்பிய படத்தோடு ஒப்பிட்டும் பார்த்திருக்கலாம். ஆனால் டீ சூடாக இருந்தது. பாராட்டு அதைவிடச் சூடாக இருந்தது. எங்கள் குடும்பத்தில் யாரையும் யாரும் வரைகிறாய் என்று பாராட்டியதில்லை. மூட்டை தூக்குகிறாய் என்றுகூடப் பாராட்டியதில்லை.

"சின்ன வயசுல கொஞ்சம் வரைவேன் பாய்" என்றேன்.

யாரும் கேட்காத பொய்யைச் சொல்லுவதில் மட்டும் எனக்கு மறதி வந்ததே இல்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை தலையில் எண்ணெய் வைத்து உட்கார்ந்திருந்தேன். ஃபோன் வந்தது.

"மருதை, கேட் இங்க நிக்குது. நீ எங்க நிக்கிற?"

"வீட்டுல பாய். ஞாயித்துக்கிழமைதானே?"

"நாளைக்குக் காலையில சடகோபன் சார் வீட்டுல கிரகப்பிரவேசம். இன்னைக்குக் கேட் மாட்டித் தர்றேன்னு சொன்னியாமே. அவரு எனக்கு ஃபோன் அடிச்சுக் கேக்குறாரு."

"பிளானர்ல..."

"பிளானரைப் புரட்டிப் பாத்துட்டேன். சனிக்கிழமை முடிஞ்ச உடனே திங்கக்கிழமை வருது. இன்னைக்குன்னு ஒரு நாளே அதுல இல்லை. நீ இருக்கியா இல்லையான்னு எனக்கே சந்தேகமா இருக்கு. கிளம்பி வா."

எண்ணெய்த் தலையோடு போனேன். பாய் ஏற்கெனவே குட்டியானை வண்டியைப் பிடித்துக் கேட்டை ஏற்றியிருந்தார். வெல்டிங் மெஷின், கிரைண்டர், பெயிண்ட் டப்பா எல்லாம் தயார். பிளானரையும் எடுத்து என் மடியில் வைத்தார். வைத்த விதம் சரியில்லை. சஞ்சீவி நகர் வந்து, பைபாஸ் ஏறி, காவிரிப் பாலம் தாண்டினோம். திருவானைக்கோவில் திரும்பும்போது பாய் ஒரே ஒரு வாக்கியம் சொன்னார்.

"ஹாலித் இன்னைக்குப் பதில் கேட்டிருக்கான்."

மூலத்தோப்பில் வாழைமரம் கட்டியிருந்தார்கள். சாயங்காலம் ஆறு மணிக்கு வாஸ்து ஹோமம். அதற்குள் முடித்துவிடவேண்டும், பிறகு இங்கே மெஷின் சத்தம் கூடாது என்று சடகோபன் சார் வாசலிலேயே சொன்னார். கேட்டை இறக்கினோம். கீல்களைப் பற்றவைத்தோம். கேட்டைத் தூக்கி நிறுத்தியதும் ஒரு விரலால் தள்ளினால் திறந்தது. பாய் வேலை அப்படித்தான். சடகோபன் சார் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வந்து நின்றார்.

பார்த்தார். இன்னும் கொஞ்சம் கிட்டே வந்து பார்த்தார்.

"யாராத்துக் கேட்டை எடுத்துண்டு வந்திருக்கேள்?"

"உங்களோடதுதான் சார்" என்றேன்.

"எங்களோடதா? பாதம் எங்கே?"

"எந்தப் பாதம் சார்?"

"நாமத்துக்குக் கீழே பாதம். நாங்க தென்கலை. இது பாதம் இல்லாத நாமம். இது வடகலை."

இரண்டு வகை உண்டு என்று எனக்குத் தெரியும். ஸ்ரீரங்கத்துத் தெருக்களில் நெற்றி நெற்றியாகப் பார்த்ததுதான். இரும்பிலும் பார்க்கவேண்டும் என்று தோன்றவில்லை. பாய் என்னைப் பார்த்தார். அவருக்கு நாமம் என்றால் நாமம். படத்தில் இருந்ததை வளைத்தார்.

சத்தம் கேட்டு உள்ளேயிருந்து சாருடைய மனைவி, மாமி, வந்தார். கேட்டைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது.

"நன்னாத்தானே இருக்கு? எங்கப்பாவாத்து வாசல் மாதிரியே இருக்கு."

"அதைத்தான் நானும் சொல்றேன்" என்றார் சார். "உங்கப்பாவாத்து வாசல் மாதிரியே இருக்கு."

"இருந்தா என்னவாம்? பகவானுக்கு எல்லாம் ஒண்ணுதான்."

"பகவானுக்கு ஒண்ணு. நாளைக்கு வரப்போற என் அண்ணாவுக்கு?" பிறகு எங்கள் பக்கம் திரும்பினார். "நான் தெளிவாப் படம் அனுப்பிச்சேனே?"

"படத்தைப் பாத்துத்தான் சார் வெட்டினேன்" என்றார் பாய். என் கையிலிருந்த பிளானரை வாங்கி, திங்கட்கிழமையைத் திருப்பி, மூடிக்கொள்ளாமல் கட்டைவிரலால் அழுத்திக் காட்டினார். "இந்தா பாருங்க. இவரு கையால வரைஞ்சது."

சார் தன் ஃபோனைப் பக்கத்தில் வைத்தார். அவருடைய நாமத்துக்குப் பாதம் இருந்தது. எங்களுடையதற்கு இல்லை.

"மருதை, பாத்து வரையக்கூடாதா?" என்றார் பாய். கோபமாகக்கூட இல்லை. என்னைக் காப்பாற்றுகிற மாதிரி, ஒரு சின்னப் பிழைதான் என்கிற மாதிரி. அதுதான் தாங்கவில்லை. ஆமாம் பாய், கவனிக்கவில்லை என்று சொன்னால் அதோடு முடிந்துவிடும். வாய்வரை வந்தது.

"அது நான் வரைஞ்சது இல்லை பாய்."

"அப்புறம்?"

"பழைய முதலாளி வரைஞ்சது. அவரு பெட்டியில கிடந்த தாள். பின்பக்கம் வெள்ளையா இருந்துச்சுன்னு எடுத்துக்கிட்டேன். சார் அனுப்புன படம் இன்னும் ஃபோன்லதான் இருக்கு."

"அன்னைக்கு நான் டீ வாங்கிக் குடுத்துப் பாராட்டினேனே?"

"குடிச்சுட்டேன்."

பாய் கோபம் வந்தால் கத்துவார். ரொம்பக் கோபம் வந்தால் கையுறையைக் கழற்றுவார். இரண்டு கையுறைகளையும் கழற்றி, மடித்து, வெல்டிங் மெஷின் மேல் வைத்தார். மாமி நைசாக உள்ளே போய்விட்டார். சடகோபன் சாருக்கே என் மேல் பரிதாபம் வந்திருக்கவேண்டும்.

"ஒரு வழியும் இல்லையா?" என்று மெதுவாகக் கேட்டார்.

பாய் நாமத்துக்குக் கீழே இருந்த இடைவெளியைக் கையால் அளந்தார். "வழி இருக்கு சார். ஒரு சாண் பட்டை இருந்தா பாதம் வச்சுரலாம். அதே அகலம், அதே தடிமன் வேணும். இல்லாட்டி ஒட்டுப்போட்ட மாதிரி தெரியும். மிச்சம் மீதி எதுவும் கொண்டுவரலை. பட்டறைக்குப் போயிட்டு வரணும்னா பாலத்துல இப்ப இருக்குற கூட்டத்துக்கு ஆறு மணி தாண்டிரும்."

"இங்கயே இரும்புக் கடை?"

"ஞாயித்துக்கிழமை சார்" என்றார் பாய். என்னைப் பார்க்காமல் சொன்னார்.

எனக்கு அப்போது உறைத்தது. பிளானரை வாங்கினேன். ஸ்பேனரை எடுத்து முதல் நட்டைத் திருகினேன்.

"என்ன செய்யிற?"

"இதே பட்டைதான் பாய். நாம எல்லாக் கேட்டுக்கும் வெட்டுற பட்டையோட மிச்சத்துலதான் எடுத்தேன்."

நட்டுகள் சுலபமாக வரவில்லை. அவ்வளவு முடுக்கியிருந்தேன். மூன்றாவது நட்டுக்கு என் விரல் முட்டி தேய்ந்தது. கடைசியில் பட்டை கழன்று வந்ததும் உள்ளேயிருந்த வருஷம் முழுக்கச் சரிந்தது. பிப்ரவரியும் ஆகஸ்டும் வாழைமரத்தடியில் கலந்து கிடந்தன. நான் மண்டிபோட்டுப் பொறுக்கினேன். அடுத்த வீட்டுப் பையன்கள் சுவரில் ஏறிச் சிரித்தார்கள்.

பாய் பட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். விரலால் அகலம் பார்த்தார். கையுறையை மாட்டிக்கொண்டார்.

அப்போதுதான் அவருடைய ஃபோன் அடித்தது. திரையில் ஹாலித் என்று தெரிந்தது. பாய் பார்த்தார். நானும் பார்த்தேன். கையில் மார்ச் மாதத்தோடு மண்டிபோட்டபடியே பார்த்தேன். பாய் தோளுக்கும் காதுக்கும் நடுவில் ஃபோனைச் செருகிக்கொண்டார்.

"அலைக்கும் ஸலாம். மச்சான், வேலையில இருக்கேன்டா" என்றார். வைத்துவிட்டார்.

பட்டையை வெட்டினார். சூடாக்கி, சுத்தியலால் தட்டி, கீழே குவிந்து வருகிற மாதிரி வளைத்தார். துண்டில் நான் போட்ட போல்ட் ஓட்டை ஒன்று மாட்டிக்கொண்டது. அதை வெல்டிங்கால் அடைத்து கிரைண்டரால் தேய்த்தார். பொறி வாசலெங்கும் பறந்தது. ஹோமம் பண்ணிவைக்கிற வாத்தியார் ஸ்கூட்டரில் தர்ப்பைக் கட்டோடு வந்து இறங்கி, தெருவிலேயே நின்றுவிட்டார்.

"என்ன ஓய், அக்னி காரியத்தை வாசல்லயே ஆரம்பிச்சுட்டேளா?"

"ரெண்டு நிமிஷம் ஸ்வாமி. பாதம் வந்துண்டிருக்கு" என்றார் சடகோபன் சார்.

பாய் கடைசியாக வெள்ளைப் பெயிண்ட் தொட்டு முடித்தபோது ஆறு அடிக்கக் கொஞ்சம் இருந்தது. சார் தூரத்திலிருந்து பார்த்தார், கிட்டே வந்து பார்த்தார். தலையை ஆட்டினார். மாமி எங்களுக்குக் காபி கொண்டுவந்து கொடுத்தார். கேட்டை ஒரு பார்வை பார்த்தார்.

"முன்ன இருந்தது இன்னும் லட்சணமா இருந்தது" என்று எங்களுக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொல்லிவிட்டு உள்ளே போனார்.

திரும்பும்போது டிரைவருக்குப் பக்கத்தில் பாய், ஓரத்தில் நான். மடியில் அஞ்சலி ஃப்ளெக்ஸில் சுற்றிய ஒரு வருஷம். பாலத்தில் காற்று அடித்தது. தாள்கள் பறக்காமல் இருக்க அந்தப் பெரியவரின் ஒற்றைக் கண் மேல் கையை வைத்து அழுத்திக்கொண்டேன்.

"பாய்."

"ம்."

"ஹாலித்துக்கு என்ன சொல்லப்போறீங்க?"

"சொன்னேன்ல. பக்கத்துலதானே இருந்த?"

"வேலையில இருக்கேன்னு சொன்னீங்க."

"அதான்."

அதற்குமேல் கேட்கிற அளவுக்கு நான் முட்டாள் இல்லை. கேட்டுவிட்டேன்.

"அப்ப போகலையா?"

"மருதை, தம்மாம்ல எனக்கு மேல ஒரு மேனேஜர் இருந்தான். எல்லாத் தப்பையும் அவன் செய்வான், எல்லாத்துக்கும் என் பேரு எழுதுவான். பத்து வருஷம் பாத்துட்டேன். நீ வாயைத் திறக்க ஒரு வாரம் ஆச்சு. அவன் கடைசிவரைக்கும் திறக்கலை. ஆனா அந்த டீக்காசை நீ குடுத்துரணும்."

"குடுத்துர்றேன் பாய்."

"எழுதி வச்சுக்க."

எதில் எழுதுவது என்று எனக்கும் தெரியவில்லை, அவருக்கும் தெரியவில்லை. டிரைவர் சிரித்தான்.

"நாளைக்கு என்ன வேலை?" என்றார் பாய்.

ஃப்ளெக்ஸைப் பிரித்துத் திங்கட்கிழமையைத் தேடினேன். அக்டோபர் வந்தது. ஜூன் வந்தது. தையிலேயே முடிந்துபோன ஒரு புதன் வந்தது. காற்றில் ஒரு தாள் ஜன்னல் வழியாகப் போய்க் காவிரியில் விழுந்தது. அது எந்த நாள் என்று இன்னும் தெரியாது. வரும்போது பார்த்துக்கொள்ளலாம்.

"விடு, விடு. கைலாசபுரம் ரெய்லிங்" என்றார் பாய். "வீட்டுக்குப் போறப்ப ஒரு நோட்டு வாங்கிக்க. லாங் சைஸ்."

பானுப்ரியாவிடம் இதை எப்படிச் சொல்வது என்பதுதான் அரியமங்கலம்வரை என் யோசனையாக இருந்தது. வீட்டுக்குப் போனபோது தையல் மெஷின் பலகையில் நான் போட்ட ஓட்டை மேல் அவள் ஒரு நோட்டை வைத்திருந்தாள். லாங் சைஸ். நாற்பது ரூபாய் என்று அட்டையில் போட்டிருந்தது. உள்ளே எல்லா நாளுக்கும் அவளே தேதி போட்டிருந்தாள். ஞாயிற்றுக்கிழமைகளுக்கு மட்டும் சிவப்பு மையில்.